கெளுத்திக்கு மீன் துண்டு இரை: வெட்டுவது முதல் உறைய வைப்பது வரை

மத்தி வாங்கப் போனால் எங்கள் ஊர் மீன்காரர் முதலில் கேட்பது, "குழம்புக்கா தம்பி, தூண்டிலுக்கா?" என்றுதான். தூண்டிலுக்கு என்று சொன்னால், பெட்டியின் ஓரத்தில் ஒதுக்கி வைத்த, கண் குழிந்த, வயிறு வெடித்த மீன்களை அள்ளிப் பாதி விலைக்குத் தருவார். பல வருடங்கள் நானும் அதைத்தான் வாங்கினேன். கெளுத்திக்கு நாற்றம்தானே பிடிக்கும், இது போதும் என்று நினைத்தேன். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் தொடங்கிச் சித்தூர் ஆற்றங்கரை வரை தூண்டில் போடுகிற பலரிடம் இன்றும் இந்த எண்ணம் இருக்கிறது. இப்போது நான் குழம்புக்கு எடுப்பதுபோலவே ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறேன். அன்று முதல் என் தூண்டிலில் ஏறும் மீனின் அளவே மாறிவிட்டது.

காரணம் எளிது. கலங்கிய நீரிலும் இரவிலும் இரை தேடுகிற கெளுத்திக்குக் கண்ணைவிட மூக்கும் நாக்கும்தான் துணை. அதன் நாக்கு என்பது வாய்க்குள் மட்டும் இருப்பதில்லை. மீசையிலும், உதட்டிலும், உடலைப் போர்த்திய செதிலில்லாத தோல் முழுவதிலும் சுவை அரும்புகள் இருக்கின்றன. அவை உணர்வது நீரில் கரைந்து வருவதை. அதாவது ரத்தத்திலும் சதைச் சாற்றிலும் இருக்கும் அமினோ அமிலங்களை. மத்தியின் எண்ணெய்தான் மீனை இழுக்கிறது என்று பலர் சொல்வதுண்டு. எண்ணெய் நீரில் கரையாது. துண்டை விட்டுப் பிரிந்ததும் மேலே ஏறி மிதந்து போய்விடும். தரையோடு தரையாக ஊர்ந்து போய்க் கெளுத்தியின் மீசையைத் தொடுவது சாறுதான்.

கெட்டுப்போன மீனில் அந்தச் சாறு டப்பாவின் அடியில் வடிந்து கிடக்கும். சதை கூழாகி, வீசிய வேகத்திலேயே தூண்டில் முள்ளைவிட்டுக் கழன்றுவிடும். சிறு கெளுத்தி அதையும் கடிக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கெளுத்தி இனத்தில் பெரிதான வாளை உயிருள்ள மீனை வேட்டையாடித் தின்பது. அது புது ரத்தத்தைத் தேடி வருகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் சொல்லப்போகும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே நோக்கம்தான்: மீனின் ரத்தமும் சாறும் ஆற்றுத் தண்ணீரில்தான் வெளியே வரவேண்டும், அதற்கு முன் வேறெங்கும் வரக்கூடாது.

எந்த மீனை எடுப்பது

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். நான் வாளை என்பது ஆற்று வாளையை; கடலில் பிடிபடும் நாடா போன்ற வாளை வேறு. கானாங்கெளுத்தி என்ற பெயரில் கெளுத்தி இருந்தாலும் அது கெளுத்தி இனமில்லை; மலையாளக் கரையில் அயிலை என்று விற்கும் மீன் அதுதான். நம் எல்லைப்புறச் சந்தைகளில் இரண்டு பெயரும் ஓடும்.

இரைக்கு என் முதல் தேர்வு மத்தி. விலை குறைவு, ரத்தம் அதிகம், சதை மென்மை என்பதால் நீரில் விழுந்த உடனே சாறு விடும். அதே மென்மைதான் அதன் குறையும். வேகமான நீரோட்டத்தில் அரை மணி நேரம் தாங்காது. அங்கே அயிலை நல்லது. தோல் கெட்டி, சதை இறுகியது, முள்ளில் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கடல் மீன் கிடைக்காத நாளில் ஜிலேபி (திலாப்பியா). 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் இன்று நம் ஏரி குளமெல்லாம் நிறைந்து கிடக்கிறது. காலையில் மண்புழு போட்டு உள்ளங்கை அளவு ஜிலேபி நான்கு பிடித்துவிட்டால் அன்றைய இரைச் செலவு முடிந்தது. அந்த நீரிலேயே வாழும் மீன் என்பதால் அங்குள்ள கெளுத்திக்கு அது பழகிய உணவும்கூட. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: உயிருள்ள ஜிலேபியை ஒரு குளத்திலிருந்து இன்னொரு நீர்நிலைக்குக் கொண்டுபோகக் கூடாது. தப்பித்த ஒரு ஜோடி போதும், அந்தக் குளத்தின் நாட்டுக் கெண்டைகளுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

கருவாடு, மசாலா தடவிய மீன், பலநாள் உறைய வைத்து விற்பது ஆகிய மூன்றையும் நான் தொடுவதில்லை.

வாங்கும் காலமும் முக்கியம். கேரளக் கடலில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாட்கள் விசைப்படகுகளின் இழுவலைக்குத் தடை. வள்ளங்கள் கடலுக்குப் போகும் என்பதால் மத்தி அடியோடு நின்றுவிடாது. ஆனால் விலை ஏறும், தூரத்திலிருந்து ஐஸில் பலநாள் கிடந்த சரக்கும் கலந்து வரும். அந்த நாட்களில் செவுளைப் பார்க்காமல் வாங்காதீர்கள். செவுள் செங்கல் நிறத்துக்கு வெளுத்திருந்தால் விட்டுவிடுங்கள். விரலால் அழுத்திய பள்ளம் எழும்பி வரவேண்டும். மத்திக்கு இன்னொரு சோதனை வயிறு: அடிவயிற்றுப் பக்கம் கிழிந்து குடல் எட்டிப்பார்த்தால் உள்ளே சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். மழைக்காலம் கழிந்த மாதங்களில் கொழுத்த மத்தி வரும். உறைய வைப்பதற்கு அதைவிட மெலிந்ததே மேல் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பொன்னானிப் பக்கத்திலிருந்து மத்தி வந்திருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி. எங்கள் சித்தூர் ஆறு பாரதப்புழையில் சேர்ந்து கடலில் கலக்கும் இடம் அது. ஆறு போய்ச் சேரும் வாயில் பிடித்த மீன், அந்த ஆற்றின் தலைமாட்டுக்கே இரையாக ஏறி வருகிறது.

எவ்வளவு வாங்குவது? இரண்டு தூண்டில், ஐந்து மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை இரை மாற்றம் என்று வைத்தால் 20 துண்டு. களவு போவதற்கும் கழன்று விழுவதற்கும் பத்து சேர்த்தால் 30. ஒரு மத்தியில் மூன்று துண்டு வரும். பத்து மீன், ஏறத்தாழ அரைக் கிலோ. இதற்கு மேல் வாங்குவது வீண்.

வெட்டும் முறை

முடிந்தவரை மீனை முழுதாகக் கரைக்குக் கொண்டுபோய், தேவைப்படும்போது ஒவ்வொன்றாக வெட்டுங்கள். வீட்டில் வெட்டி எடுத்துப்போவது இரண்டாம் பட்சம்தான். வெட்டிய முகம் ஒவ்வொன்றும் சாறு ஒழுகும் வாசல்; எவ்வளவு தாமதமாகத் திறக்கிறோமோ அவ்வளவு நல்லது.

எப்போது வெட்டினாலும் சரி, மீன் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பான மத்தியை வெட்டினால் கத்தி சதையை நசுக்கிக்கொண்டு போகும். ஐஸில் ஒரு மணி நேரம் கிடந்த மீன் விறைத்து நிற்கும். வெட்டு முகம் கண்ணாடிபோல் வரும். வெட்டுவதற்கு முன் முழு மீனை உப்புத் தண்ணீரில் ஒருமுறை அலசித் துணியால் ஒற்றிவிடலாம். வெட்டிய பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது. குழம்புக்குக் கழுவுகிற பழக்கத்தில் துண்டுகளைச் சட்டியில் போட்டு அலசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் சிவக்கும்வரை அலசுவார்கள். ஆற்றில் விட வேண்டிய ரத்தம் அத்தனையும் சாக்கடைக்குப் போய்விடும்.

குடலை எடுக்க வேண்டாம். செவுளையும் எடுக்க வேண்டாம். மீனில் ரத்தம் கூடுதலாக இருக்கும் இடங்கள் அவை.

மத்தியை வெட்டும் விதம் இது. முதலில் வால் துடுப்பை அடியோடு நறுக்குங்கள். வால் இருந்தால் துண்டு நீரோட்டத்தில் சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கிவிடும். அடுத்து, பக்கத் துடுப்புக்குப் பின்னால் கத்தியை வைத்து, வயிற்றுப் பக்கம் பின்னோக்கிச் சாயுமாறு சாய்வாக இறக்குங்கள். தலைத் துண்டோடு குடல் ஒட்டிக்கொண்டு வால்போலத் தொங்கும். அந்தத் தொங்கல்தான் விலைமதிப்புள்ள பகுதி. வெட்டு முகத்தை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள்: நடுமுள்ளுக்கு அடியில் குன்றிமணி அளவுக்குக் கருஞ்சிவப்பாய் ஒரு புள்ளி தெரியும். முதுகெலும்பை ஒட்டி ஓடும் ரத்தக் கோடு அது. புள்ளி ஈரமாக மினுமினுத்தால் இரை உயிரோடு இருக்கிறது என்று நான் சொல்வது வழக்கம். பழுப்பேறி உலர்ந்திருந்தால், மீன் எவ்வளவு மணத்தாலும் பயனில்லை. எஞ்சிய உடலைக் குறுக்காக இரண்டாக வெட்டினால் மூன்று துண்டு ஆயிற்று.

அயிலையைக் குறுக்கே வெட்டாமல் பக்கவாட்டில் சீவுவது நல்லது. செவுளுக்குப் பின்னால் நடுமுள்வரை ஒரு வெட்டு, பிறகு கத்தியைப் படுக்கவைத்து முள்ளை உரசியபடியே வால்வரை ஓட்டுங்கள். தோலோடு வரும் அந்தச் சதைப் பட்டையை இரண்டு விரல் அகலமும் ஒரு விரல் நீளமும் உள்ள நாடாக்களாக அறுக்கலாம். ஒரு முனை குறுகலாக இருந்தால் நீரில் அசைந்துகொண்டே இருக்கும். முள்ளும் தலையும் மிஞ்சும். தலையைத் தனி இரையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிலேபிக்குச் செதிலை நீக்கியே ஆக வேண்டும். தூண்டில் முள் செதிலில் முட்டிக்கொண்டு மீனின் வாயில் ஏறாமல் போகும். முதுகுத் துடுப்பின் முட்களைக் கத்தரிக்கோலால் முதலில் வெட்டிவிட்டால் கைக்கும் பாதுகாப்பு.

அளவைப் பொறுத்தவரை, சிறு கெளுத்திக்குக் கட்டைவிரல் நகம் அளவுத் துண்டு போதும். வாளைக்கு முழுத் தலைத் துண்டு அல்லது முழு நாடா. பெரிய மீன் வேண்டும் என்று எல்லா முள்ளிலும் பெரிய துண்டு மாட்டுவதும் தவறு; துண்டு பெரிதாகி முள் சிறிதாக இருந்தால் கடித்தாலும் குத்தாது.

மாட்டும்போது தோலைத் துளைத்து நுழைத்து, மறுபடியும் தோல் வழியாகவே முனை வெளியே வரும்படி செய்யுங்கள். சதையை மட்டும் குத்தினால் நிற்காது. முனை சதைக்குள் புதையாமல் வெளியே தெரிய வேண்டும். கெளுத்தி முள்ளைப் பார்த்து ஓடும் மீன் இல்லை. தலைத் துண்டை இரண்டு உதட்டையும் சேர்த்துக் கீழிருந்து மேலாகக் குத்தலாம். மத்தி மிகவும் மென்மையாக இருந்தால் சாதாரணத் தையல் நூலை நாலைந்து சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். நூலுக்கு முடிச்சுகூட வேண்டியதில்லை, ஈரத்தில் தானே ஒட்டிக்கொள்ளும்.

அன்றைக்கே பயன்படுத்துவது என்றால் ஐஸ்

மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியை நெருங்கும். அந்த வெயிலில் திறந்து வைத்த மத்தி ஓரிரு மணி நேரத்தில் குழைந்துவிடும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது நம் வெப்பநிலைக்கு ஏற்ற பழைய கணக்கு. அதைக் குறைக்க வேண்டாம். கடைசிவரை மீன் ஐஸில் புதைந்தே கிடக்க வேண்டும். வீட்டில் ஐஸ்கட்டி அச்சில் உறைந்தவற்றைச் சாக்குத் துணியில் சுற்றி உடைத்தாலே போதும்.

இங்கே பலர் கோட்டைவிடுவது ஐஸ் உருகிய தண்ணீரில். தெர்மாகோல் பெட்டியில் மீனையும் ஐஸையும் ஒன்றாகக் கொட்டினால், இரண்டு மணி நேரத்தில் மீன் நல்ல தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். அதன் சாறு முழுவதும் அந்தத் தண்ணீருக்குள் இறங்கிவிடும். மீனைக் கெட்டியான பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸுக்குள் புதையுங்கள். பெட்டியின் அடியோரத்தில் சிறு துளை போட்டுத் தக்கையால் அடைத்து வைத்தால் அவ்வப்போது தண்ணீரை வடிக்கலாம்.

கரையில் காற்றையும் கவனியுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் வீசும்போது, வெட்டிப் பலகைமேல் வைத்த துண்டு பத்து நிமிடத்தில் மேல்தோல் காய்ந்து பளபளக்கும். காய்ந்த மேல்தோல் சாற்றை விடாது. ஈரமான வாழையிலைத் துண்டால் மூடி வையுங்கள்.

மூன்று நான்கு நாள் என்றால் உப்பு

உப்பு சதையை இறுக்கும், கெடாமல் காக்கும். கூடவே சாற்றையும் வெளியே இழுக்கும். இந்தப் பரிமாற்றத்தைத் தெரிந்துகொண்டுதான் உப்பில் கைவைக்க வேண்டும். உப்பிட்ட துண்டு புதுத் துண்டுக்கு ஈடாகாது. ஆனால் ஆழியாற்றிலுள்ள மணக்கடவு அணைக்கட்டு வழியாகத் தண்ணீர் திறந்து ஆறு வேகமாக ஓடும் நாளில், பஞ்சுபோன்ற புது மத்தி வீசியதும் பிய்ந்துபோகும்போது, உப்பிட்ட அயிலைதான் முள்ளில் நின்று மீன் பிடித்துத் தரும்.

ஒரு கிலோ துண்டுக்கு 100 கிராம் கல் உப்பு. கல்லை ஒன்றிரண்டாகப் பொடித்துக்கொள்ளுங்கள்; மாவுபோன்ற உப்பு மேல்பரப்பை மட்டும் சட்டென்று இறுக்கிவிடும். துண்டுகளைத் தோல் கீழே இருக்குமாறு ஒரு துளைத்தட்டில் பரப்பி, சதைப் பக்கத்தில் மட்டும் உப்பைத் தூவி, கீழே ஒரு பாத்திரம் வைத்து, ஃப்ரிட்ஜில் முக்கால் மணி நேரம் விடுங்கள். பிறகு கழுவாமல் துணியால் ஒற்றி, செய்தித்தாளில் அல்லாமல் மெழுகுத்தாளிலோ வாழையிலையிலோ சுற்றிப் பைக்குள் வையுங்கள். செய்தித்தாள் சாற்றை உறிஞ்சிக்கொண்டு சதையோடு ஒட்டிவிடும். நான்கு நாள் வரை இது நல்ல இரை.

ஃப்ரிட்ஜே இல்லாத இடத்துக்குப் போவதென்றால் உப்பைக் கிலோவுக்கு 250 முதல் 300 கிராம் வரை கூட்டி, அடுக்கடுக்காக ஜாடியில் போட்டு மூடலாம். வாரக்கணக்கில் கெடாது. பயன்படுத்துவதற்கு முன் ஆற்றுத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். சிறு கெளுத்திக்குச் சரி. வாளைக்கு எனக்கு இது ஒருமுறையும் பலன் தந்ததில்லை.

மஞ்சள்தூள், பெருங்காயம், வெந்தயம் என்று சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். புது மீனுக்கு எதுவும் தேவைப்பட்டதில்லை என்பது என் அனுபவம்.

மாதக்கணக்கில் என்றால் உறைய வைப்பது

வீட்டு ஃப்ரீசர் மெதுவாக உறைய வைப்பதால், சதைக்குள் பெரிய ஐஸ் படிகங்கள் உருவாகிச் செல்களைக் கிழிக்கின்றன. உருகும்போது சாறு கொட்டுவதும் சதை தொளதொளப்பதும் இதனால்தான். இதைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, மேலே சொன்ன இலேசான உப்பிடுதலை முடித்துவிட்டு உறைய வைப்பது. மற்றொன்று, துண்டுகளைக் குவியலாகப் போடாமல் ஒரு எவர்சில்வர் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, கல்லாக இறுகிய பிறகு பையில் இடுவது. மெல்லிய அடுக்கு விரைவில் உறையும். தேவைப்படும்போது இரண்டு துண்டைத் தனியாக எடுக்கவும் முடியும்.

பைக்குள் காற்று இருக்கக் கூடாது. வாளித் தண்ணீரில் பையை வாய் மட்டும் வெளியே தெரியும்படி மெல்ல அமிழ்த்துங்கள். நீரின் அழுத்தமே காற்றை மேலே தள்ளிவிடும். அப்படியே வாயை மூடிவிட வேண்டும். ஒரு பைக்கு ஒரு நாளைய இரை, மேலே தேதி.

கொழுப்பு உறைபெட்டியிலும் சும்மா இருப்பதில்லை. காற்றோடு சேர்ந்து காறிப்போகும். கொழுத்த மத்தி இரண்டு மாதத்தில் ஓரங்களில் மஞ்சள் பூத்து, பழைய எண்ணெய்ச் சட்டியின் வாடை அடிக்கும். அதைக் கெளுத்தி முகர்ந்துவிட்டுப் போய்விடும். மெலிந்த மத்தி சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஜிலேபி மூன்று நான்கு மாதம்கூட நிற்கும். கோடைக்குச் சேர்த்து வைக்க அதுவே ஏற்றது. ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம். உருக்குவதற்குத் தண்ணீரில் போடாமல், முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். பாதி உறைந்த நிலையில் முள்ளில் மாட்டுவது இன்னும் நல்லது. ஆற்றில் உருகும்போது சாறு அங்கேயே இறங்கும்.

பையின்மேல் "தூண்டில்" என்று பெரிதாக எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அம்மா குழம்புக்கு எடுத்து வைத்துவிட்டார். நல்ல வேளையாக அடுப்பில் ஏறுவதற்கு முன் பார்த்தேன். மத்தி, அயிலை போன்ற மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமைன் என்ற பொருள் கூடும். முகம் சிவந்து, தலைவலியும் வாந்தியும் வரும். சமைத்தாலும் அது அழியாது. கரைக்குப் போய் வந்த இரை மறுபடி சமையலறைக்குள் வரவே கூடாது.

கரையில்

துண்டு வெளுத்துவிட்டால் மாற்றுங்கள். தேங்கிய நீரில் அரை மணி, ஓட்டத்தில் இருபது நிமிடம். ரத்தம் போன சதை வெள்ளைத் துணிபோல ஆகிவிடும். கடி இல்லாமலே மணிக்கணக்கில் காத்திருப்பவர்களின் நரம்பை இழுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அந்த வெள்ளைத் துணிதான் முள்ளில் இருக்கும். எடுத்த துண்டை அதே இடத்தில் மேலோட்டமாக எறியாதீர்கள், நண்டும் ஆமையும் கூடிவிடும். ஆமை மாட்டினால் நரம்பை முள்ளுக்கு அருகில் நறுக்கி விட்டுவிடுங்கள்; நம் நன்னீர் ஆமைகள் பல சட்டப் பாதுகாப்பில் உள்ளவை.

1970ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஆழியாற்றிலிருந்து ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவில் கேரளத்துக்குக் கொடுக்கப்படுகிறது. அந்தத் தண்ணீர் வரும் நேரத்தில் ஆறு சட்டென்று உயரும். மூலத்தறை மதகுகளுக்கு அருகில் பாறைமேல் உட்கார வேண்டாம். நீர் ஏறத் தொடங்கும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கரையோரம் கெளுத்தி நன்றாக மேயும். பாதுகாப்பான மேட்டிலிருந்து அதற்குத் தயாராக இருங்கள்.

பருவமழையின் முதல் வெள்ளத்தில் சினை மீன்கள் வயலுக்கும் ஓடைக்கும் ஏறுவதைக் கேரளத்தில் ஊத்த என்பார்கள். அந்த மீனைப் பிடிப்பது அங்கே சட்டப்படி குற்றம். அந்த வாரங்களில் தூண்டிலைத் தொடாமல் இருப்பதே சரி. ஆற்று வாளை உலகச் சிவப்புப் பட்டியலில் அழிவுக்கு உள்ளாகக்கூடிய (Vulnerable) நிலைக்கு வந்துவிட்ட மீன். பெரிய சினை வாளை ஏறினால் ஈரக்கையால் பிடித்து, முள்ளைக் கழற்றி விட்டுவிடுகிறேன். மாறாக ஆப்பிரிக்கக் கெளுத்தி கிடைத்தால் நீருக்குத் திருப்பி விடாதீர்கள். 2000ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் அதன் வளர்ப்பு தடைசெய்யப்பட்டது, ஆனாலும் பண்ணைகளிலிருந்து தப்பி நம் ஆறுகளில் பெருகிவிட்டது.

மிஞ்சிய துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தென்னை மரத்திலிருந்து மூன்றடி தள்ளி, ஒரு முழ ஆழத்தில் குழி தோண்டிப் புதைக்கிறேன். ஆழம் குறைந்தால் இரவே நாய் தோண்டிவிடும். குழியை மூடியதும் மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு, கத்தியையும் பலகையையும் உப்பும் புளியும் போட்டுத் தேய்த்து வெயிலில் காய வைத்தால் அடுத்த வாரத்துக்குத் தயார்.